மூலப்படியில் கேட்ட அசுத்த ஒலி

அன்று மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, என் அண்ணன், அண்ணி, என் மனைவியின் தம்பி, மாடியில் குடியிருந்த பல் வைத்தியர், அவருடைய வயதான தகப்பனார். இவர்களைத் தவிர ஒரு பல்லி. ஒரு வெளிநாட்டுக்காரரும் மனநலம் சரியில்லாத ஒரு பெண்ணும் இருந்ததாகப் பின்னாளில் எழுதப்பட்டிருக்கிறது. இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் யார் இருந்தார்கள் என்பதை என்னைவிட அதிகமாக அறிந்தவர்கள் உலகத்தில் பெருகிவிட்டதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

உட்கார்ந்திருந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் ஜன்னலுக்குப் பக்கத்தில். அண்ணி அவருக்குப் பின்னால். பல் வைத்தியரும் தகப்பனாரும் சோபாவில். நடுவில் இரண்டு மர நாற்காலிகளில் நானும் என் மனைவியும். எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு ஸ்டூல், அதன்மேல் மைத்துனனின் வீடியோ கேமரா. மைத்துனன் எல்லோருக்கும் பின்னால், சாப்பாட்டு மேஜைக்கு அப்பால், புரொஜெக்டரை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி நின்றான். பிடிக்காவிட்டால் அது நடுங்கும்.

மைத்துனன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். யாரோ கழித்துப்போட்ட புரொஜெக்டர் ஒன்றை வாங்கி வந்திருந்தான். அந்தப் பெட்டியின் அடியில் ஒரு ரீல் கிடந்தது. அமெரிக்காவில் அந்தக் காலத்தில் வரைந்து எடுத்த கார்ட்டூன். ஒரு கொழுத்த கரடி குழாய் பழுதுபார்க்க ஒரு வீட்டுக்கு வருகிறது. ஒழுகும் இடத்தில் விரலை வைக்கிறது, தண்ணீர் வேறு இடத்தில் வருகிறது. அங்கே காலை வைக்கிறது, கண்ணாடிக்குள்ளிருந்து வருகிறது. கடைசியில் மூக்கைக் கொடுத்து அடைக்கிறது. வீடு பலூன் மாதிரி உப்பி, வீட்டுக்காரியோடு வானத்தில் போய்விடுகிறது. கரடி கூலி கேட்டுக் கீழே நிற்கிறது. அவ்வளவுதான் கதை.

"ரீல் நொறுங்குற நெலமையில இருக்கு அத்தான். ஒரு தடவைதான் ஓடும். அதான் செவுத்தையே படம் பிடிச்சு வெச்சிக்கிறேன்" என்றான் மைத்துனன். அவன் சொன்னபடியே கடைசிக் காட்சியில் ரீல் அறுந்து, விளக்கில் ஒட்டிப் பொசுங்கியது. கேமராவில் பிடித்தது மட்டும் மிஞ்சியது. அதில் கரடி இருந்தது. எங்கள் கூடத்துச் சுவரின் விரிசல் இருந்தது. சுவரோரத்து ஸ்விட்ச் இருந்தது. தெருச் சத்தம் பொறுக்காமல் ஜன்னலைச் சாத்த எழுந்த என் அண்ணனின் தலை நிழலாகப் போனது. பல்லி ஒரு பூச்சியைப் பிடித்தது. என் மனைவி சிரித்தாள்.

என் மனைவி அடக்கமானவள். கேமராவைக் கண்டால் சமையலறைக்குள் போய்விடுவாள். தம்பி ஸ்டூடியோக்காரனாக இருந்தும் அவளை உட்கார வைத்து எடுத்த படங்கள் சொற்பம். குரலைப் பதிவு செய்ய ஒப்பவே மாட்டாள். அவள் சிரிப்பதும் அபூர்வம். ஆனால் சிரிப்பு வந்துவிட்டால் வாயைக் கையால் பொத்தியும் நிற்காது, விரல் சந்துகளில் பீறிக்கொண்டு வரும். இன்று அவள் இல்லை. ஸ்டூடியோவில் குழாய் வெடித்துக் கேசட்டுகள் எல்லாம் ஊறிக் கட்டிதட்டிப் போயின. "கரடியைக் கூப்பிட்டிருக்கலாம் அத்தான்" என்று மைத்துனன் அன்று சொன்னதை நான் ரசிக்கவில்லை. அதற்கு முன்பே பழைய படங்களைச் சேகரிக்கும் ஒருவருக்கு அவன் அந்தக் கேசட்டின் பிரதி ஒன்றைக் கொடுத்திருந்தான். அது யார் என்பதுகூட அவனுக்கு மறந்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் ஒரு விடுமுறை நாள் காலையில் சாப்பாட்டு மேஜையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிற என் மருமகள் எதிரில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"மாமா, இதக் கொஞ்சம் கேளுங்க. யாரோ அச்சு அசல் அத்தை மாதிரியே சிரிக்கிறாங்க."

கேட்டேன். மாதிரி இல்லை.

அவள் மூச்சு வாங்கும் இடத்தில் ஒலி அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அன்று அவள் ஏதோ சொன்னாள். சொன்னாள் என்பது நினைவிருக்கிறது. என்ன சொன்னாள் என்பது எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"இவ்வளவுதானா? மிச்சம் எங்கே?"

"மிச்சத்த உள்ள பூட்டி வெச்சிருக்காங்க மாமா. இது வெறும் மாதிரிக்குப் போட்டிருக்கிறது. கீழ எழுதியிருக்கறதப் படிக்கட்டுமா? நீங்க கோவப்படக் கூடாது."

படித்தாள். 'தொல்சீர் அமெரிக்க அசைசித்திரக் காவலர் பேரவை'யின் அறிவிப்பு. கரடிப் படத்தின் உலகில் எஞ்சியுள்ள ஒரே மூலப்படியைப் பேரவை காத்துவருகிறது. அதில் கலந்துள்ள அசுத்த ஒலிகள் ஆண்டுக் கூட்டத்துக்குப் பின் நீக்கப்பட்டு, பழைய படி நிரந்தரமாக அழிக்கப்படும். நீக்கப்பட இருக்கும் ஒலிக்கு மாதிரி: 'ஒரு பெண்ணின் கனைப்பு. மனநலம் பாதிக்கப்பட்டவராகவோ மது அருந்தியவராகவோ இருக்கலாம்.'

ஆரஞ்சை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்துப் பெண்ணைப் பற்றி இப்படி எழுத ஒருவன் பிறந்து, வளர்ந்து, கம்ப்யூட்டரும் வாங்கிவிட்டான் என்பதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

"இதில் எப்படிச் சேருவது?" என்று கேட்டேன்.

"மாமா, வேணாம். அது கார்ட்டூன் பாக்கறவங்க கூட்டம். அங்க போயி நீங்க..."

"கார்ட்டூன் பார்ப்பவர்கள் சிரித்தவளைக் குடிகாரி என்பார்களா? யார் இவர்கள் என்று பார்க்க வேண்டும்."

நான் நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சடங்கு எனக்குப் புதிதல்ல. ஒருவர் உள்ளே வந்தால் எழுந்திருப்பது, சிரித்தவர்களை வெளியே அனுப்புவது, யாருக்கும் புரியாத மொழியில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்வது, எல்லாம் பார்த்தவன். ஆனால் அங்கே சடங்கின் முடிவில் யாராவது ஜெயிலுக்குப் போவார்கள். அதனால் அதற்கு ஒரு நியாயம் இருந்தது.

பேரவையில் சொந்தப் பெயரில் சேர முடியாதாம். 'தூயபிலிம்', 'கறைநீக்கி', 'மௌனரசிகன்' என்றெல்லாம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்குப் போதும் என்றேன். அது விதிக்கு முரண் என்பதால் 'புதியவர்' என்று அவர்களே பெயரிட்டார்கள். அந்தக் கூட்டத்திலேயே வயதில் மூத்தவன் நான்தான்.

நுழைவுத் தேர்வை நடத்தியவர் பிம்பக் காப்பாளர். கம்ப்யூட்டர் திரையில் அவர் தலைக்குப் பின்னால் அலமாரி நிறையக் கார்ட்டூன் பொம்மைகள். எல்லாம் கடையில் வாங்கிய அட்டைப் பெட்டிக்குள்ளேயே, ஒட்டிய நாடாகூடப் பிரிக்காமல், கண்ணாடித்தாள் வழியாக மூச்சு முட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. எந்தக் குழந்தையும் தொடாத பொம்மைகளை அவ்வளவு மொத்தமாகப் பார்த்தபோது பிணவறைக்குள் தலையை நீட்டியது போலிருந்தது.

"கரடி முதன்முதலாகக் கதவைத் தட்டுவது வலக்கையாலா, இடக்கையாலா?"

"மூக்கால் தட்டியது."

"நன்று. வானத்தில் குறுக்காக ஓடும் மின்னல் எதைக் குறிக்கிறது?"

அந்தப் படத்தில் மின்னல் ஏது? யோசித்தபோது விளங்கியது. எங்கள் சுவரின் விரிசல்.

"மேலே தண்ணீர் தேங்குவதைக் குறிக்கிறது" என்றேன். மொட்டைமாடியில் அப்படித்தான் தேங்கும்.

அவர் கண்களை மூடித் திறந்தார். "ஆழமான வாசிப்பு. கடைசிக் கேள்வி. இந்தப் படத்தைப் பார்த்தபோது சிரித்தீர்களா?"

பக்கத்தில் நின்ற மருமகள் கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றாள்.

"எங்கள் குடும்பத்தில் ஆண்கள் சத்தம் போட்டுச் சிரிப்பதில்லை என்று ஒரு பெயர் உண்டு" என்றேன். பெயர் உண்டு என்பது உண்மை.

பிம்பக் காப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். அதுவரை செய்தி வாசிப்பது போலப் பேசிக்கொண்டிருந்தவர் சாதாரண மனிதனாகிவிட்டார். "ஐயா, உங்கள மாதிரி ஒருத்தரத்தான் இத்தன நாளா தேடிட்டிருந்தோம். உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

இந்தப் பேரவையில் சிரிப்பு தடைசெய்யப்பட்டது. சிரிக்கிற பொம்மை முகத்தைச் செய்தியில் போட்டால் ஒரு மாதம் விலக்கம். 'வேடிக்கையான படம்' என்று எழுதினால் எச்சரிக்கை. பார்வையாளர், கவனிப்பாளர், காப்பாளர் என்று மூன்று படிநிலைகள். கவனிப்பாளர் ஆவதற்குச் சிலர் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். என்னை மறுநாளே கவனிப்பாளர் ஆக்கிவிட்டார்கள். திரையில் என் முகத்தைப் படமெடுத்து, 'கவனிப்பாளர் ஒருவர் எப்படிப் பார்க்க வேண்டும்' என்ற தலைப்பில் புதியவர்களுக்குக் காட்டுகிறார்களாம். வாழ்நாளெல்லாம் கட்டிக்காத்த முகம் இப்படியொரு இடத்தில் மாட்டப்படும் என்று நான் எண்ணியதில்லை.

"இவங்க எதுக்குத்தான் கார்ட்டூன் பாக்குறாங்க?" என்று மைத்துனன் கேட்டான். விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்திருந்தான்.

"உன்னால் வந்த வினை. வழியில் போகிறவனுக்கெல்லாம் கேசட்டைக் கொடுத்தது யார்?"

"நான் குடுத்ததாலதான அத்தான் இன்னிக்கு அக்கா குரலு மிச்சமிருக்கு?"

அவனை நாற்காலியில் நேராக உட்காரச் சொன்னேன்.

ஆண்டுக் கூட்டம் வந்தது. திரை முழுக்கக் கட்டம் கட்டமாக முகங்கள். தொடங்குவதற்கு முன் எல்லோரும் நெஞ்சில் கைவைத்து உறுதிமொழி சொன்னார்கள். "பார்த்தேன். நிறுத்திப் பார்த்தேன். பின்னோக்கிப் பார்த்தேன். சிரிக்கவில்லை." பிறகு மூலப்படியிலிருந்து அசையாத படம் ஒன்றைக் காட்டினார்கள். ஒரு பெரிய தலையின் நிழல். அது படைப்பாளரின் நிழலாம். பெயர் தெரியாத அந்த ஓவியர் தம் கையொப்பத்துக்குப் பதிலாகத் தம் நிழலையே விட்டுச் சென்றாராம். எல்லோரும் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். என் அண்ணன் உயிரோடு இருந்த காலத்தில் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் தோற்றவர். அவருக்கு யாரும் எழுந்து நின்றதில்லை. ஒரு தம்பியாக எனக்கு அதில் அரைகுறைத் திருப்திகூட ஏற்பட்டது என்பதை மறைக்க மாட்டேன்.

பெருங்காப்பாளர் பேசினார். பேரவையின் தலைவர் அவர். கனத்த குரல், நரைக்காத மீசை. பின்னால் இரும்புப் பெட்டி ஒன்று. ஒரு துணி போர்த்தி அதன்மேல் விளக்கு.

"அன்பான காவலர்களே. இந்த அரிய கலைச் செல்வங்களை நாம் யாரிடமிருந்து காக்கிறோம்? பார்ப்பவர்களிடமிருந்து. குறிப்பாகக் குழந்தைகளிடமிருந்து. குழந்தை ஒன்று இந்தப் படத்தைப் பார்த்தால் என்ன செய்கிறது? சிரிக்கிறது. சிரிக்கும்போது கண் சுருங்குகிறது. கண் சுருங்கினால் பின்னணியின் நீல நிறம் தவறிப்போகிறது. அந்த நீலத்தைத் தீட்டியவரின் உழைப்பு என்னாவது? நான் சிறு வயதில் இந்தப் படங்களைப் பார்த்து உருண்டு புரண்டு சிரித்தவன். அதை இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்த நோயிலிருந்து மீள எனக்கு இந்தப் பேரவை தேவைப்பட்டது. இன்று நான் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஒன்றுமே ஏற்படுவதில்லை. இந்த நிலையை நீங்கள் ஒவ்வொருவரும் அடைய வேண்டும் என்பதே என் அவா."

கை தட்டவில்லை. கைதட்டலும் ஒலி என்பதால் எல்லோரும் கண்ணைச் சிமிட்டினார்கள்.

அடுத்துப் பிம்பக் காப்பாளர் தம் ஆய்வுரையை வாசித்தார். அவருடைய வாழ்நாள் உழைப்பு. பொருள்: 'ஐந்தாவது பாத்திரம்.' படத்தில் கரடி, வீட்டுக்காரி, பூனை, குழாய் என்று நான்கு பாத்திரங்களையே உலகம் அறியும். ஐந்தாவதாக மேல்மூலையில் ஒரு சிற்றுயிர் இருக்கிறது. கதையில் கலப்பதில்லை. மற்ற எல்லாம் துள்ளும்போது அது அசையாமல் இருக்கிறது. திடீரென நகர்ந்து எதையோ விழுங்குகிறது. "வால் அசையும் அந்த நுட்பத்தை அந்தக் காலத்தில் மட்டுமல்ல, இன்றைக்கும் எந்த ஓவியராலும் வரைந்துவிட முடியாது. இது முதலாளித்துவத்தின் மீதான மௌன விமரிசனம்" என்றபோது அவர் குரல் தழுதழுத்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. கையை உயர்த்தினேன்.

"அது பல்லி" என்றேன்.

"ஐயா?"

"பல்லி. எங்கள் வீட்டுப் பல்லி. உங்கள் மின்னல் எங்கள் சுவர் விரிசல். நீங்கள் எழுந்து நின்றது என் அண்ணனுக்கு. நீங்கள் அசுத்த ஒலி என்று எழுதியிருப்பது என் மனைவி. அவர் எந்தக் காலத்திலும் குடித்தவரல்லர். அந்த வரியை எழுதியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தச் சிரிப்பை யாரும் தொடக் கூடாது."

என் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

மறுவாரம் என்மேல் விசாரணை. குற்றச்சாட்டு, மூலப்படி அவமதிப்பு. என் தரப்பில் சாட்சிகளை அழைக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை: திரையிடலின்போது சிரித்தவர் எவரும் சாட்சி சொல்லத் தகுதியற்றவர். பல் வைத்தியர் எங்கோ குடிபெயர்ந்து விட்டார். அவர் தகப்பனார் காலமாகிவிட்டார். மிஞ்சியவர்கள் அண்ணியும் மைத்துனனும்.

அண்ணியைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தோம். அவருக்குக் காது கூர்மை, பொறுமை குறைவு. நிழலைக் காட்டினார்கள்.

"அம்மையீர், இது யாருடைய நிழல் என்று கருதுகிறீர்கள்?"

"கருதறது என்ன? எங்க வீட்டுக்காரரு. சன்னலச் சாத்த எந்திரிச்சாரு. உக்காருங்கன்னேன். கேக்கல."

"இது படைப்பாளரின் நிழல், அம்மையீர். ஆய்வில் நிறுவப்பட்டது."

"படைப்பாளருக்கு எங்க வீட்டுக்காரர் காதா? அந்தக் காதப் பாருங்க தம்பி, ரெண்டு பக்கமும் கதவத் தொறந்து வெச்ச மாதிரி. அந்தக் காதோட ஒரு ஆயுசு குடும்பம் நடத்தியிருக்கேன். எனக்கே பாடம் எடுக்கறீங்களா?"

பெருங்காப்பாளர் தொண்டையைச் செருமினார். "அவர் அன்று சிரித்தாரா?"

"அவரா? அவருக்குச் சிரிப்புன்னா என்னன்னே தெரியாது. கரடிக்கு யாரு கூலி குடுப்பாங்கன்னு படம் முடிஞ்சப்புறம் கேட்டாரு."

அந்தப் பதிலைப் பலர் மதிப்போடு குறித்துக்கொண்டார்கள்.

அடுத்து நான் மருமகளுக்குச் சைகை காட்டினேன். அவள் கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிக் கூடத்துச் சுவருக்கு எதிரே பிடித்தாள். இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் அந்த விரிசல் திரும்பத் திரும்ப வந்துவிட்டது. ஸ்விட்ச் அதே இடத்தில். மேல் மூலையில் ஒரு பல்லிகூட இருந்தது. பழைய பல்லியா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அதே குடும்பமாக இருக்கும்.

காப்பாளர்கள் தங்களுக்குள் கூடிப் பேச ஒதுங்கினார்கள். திரும்பி வந்து பெருங்காப்பாளர் தீர்ப்பு வாசித்தார்.

"மூலப்படியின் மின்னலையும் மூலைச் சின்னத்தையும் தம் இல்லச் சுவரில் அணுவளவும் பிசகாமல் மறுஉருவாக்கம் செய்துள்ள இந்தக் கவனிப்பாளரின் ஈடுபாட்டைப் பேரவை வியந்து போற்றுகிறது. சுவரைப் பிளந்துகொள்ளும் அளவுக்கு நம்மில் யார் துணிந்தோம்? இந்த ஆண்டின் சிறந்த ரசிகர் விருது இவருக்கே. ஐந்தாவது பாத்திரத்தை உயிருள்ள பிராணியைக்கொண்டு அமைத்திருப்பது தனிச் சிறப்பு."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. மருமகள் அப்படிப்பட்ட வார்த்தை எனக்குத் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தாள். நல்லவேளையாகத் தீர்ப்பு வாசிக்கும்போது மட்டும் எங்கள் மைக்கை அணைத்து வைத்திருந்தார்கள்.

மிச்சமிருந்தது சிரிப்பு ஒன்றுதான். அதை நீக்குவதா என்பதை ஒலிக் காப்பாளர் முடிவு செய்ய வேண்டும். அவர் ஒல்லியானவர். காதைவிடப் பெரிய கருவியைக் காதில் மாட்டியிருந்தார். சாட்சி அடையாளம் காட்ட வேண்டுமானால் முழு ஒலியையும் எல்லோர் முன்னிலையிலும் ஓடவிட வேண்டும் என்று விதி இருக்கிறதென்று நான் எடுத்துச் சொன்னேன். அவர்கள் எழுதிய விதிகளை அவர்களே படித்திருக்கவில்லை. நான் படித்திருந்தேன். அது என் தொழில்.

மருமகள் தன் செல்போனைக் கம்ப்யூட்டரின் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தாள். நான் நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன்.

ஓடவிட்டார்கள். முதலில் இயந்திரத்தின் கடகடப்பு. கரடி காலை வைக்க, கண்ணாடிக்குள்ளிருந்து தண்ணீர் வரும் இடம். அவள் சிரிப்பு ஆரம்பித்தது. முதலில் பொத்திய சிரிப்பு. பிறகு விரல் சந்துகளில். பிறகு கையை எடுத்துவிட்டாள். மாதிரி ஒலி அறுந்த இடத்தில் மூச்சு வாங்கினாள். கரடி மூக்கைக் கொடுத்தது. உடனே அவள் சிரிப்புக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணின் சிரிப்பு வெடித்தது. மூக்கால் வருகிற, அடக்கி அடக்கி அடக்க முடியாமல் உடைந்துபோகிற சிரிப்பு. கேட்கவே அசிங்கமாக இருந்தது. அதற்குமேல் அவள் குரல், சிரிப்பினூடே, தெளிவாக:

"என்னங்க... மெதுவா... மானம் போகுது!"

சொல்லிவிட்டு முன்னைவிடப் பலமாகச் சிரித்தாள்.

ஒலிக் காப்பாளர் நிறுத்தினார். "இந்த ஆண் குரல் யாருடையது?"

அண்ணி என்னைப் பார்த்தார். சிரித்தவரின் சாட்சியம் செல்லாது. என் சாட்சியம் செல்லாவிட்டால் என் மனைவிக்காகப் பேச அங்கே யாரும் இல்லை. மேலும் அத்தனை முகங்கள் என் முகத்தை உதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் தொண்டையைச் சரிசெய்வதற்குள் மைத்துனன் முன்னால் வந்து குனிந்தான்.

"என்னோடதுங்க."

"'என்னங்க' என்று உங்கள் தமக்கை உங்களையா அழைக்கிறார்?"

"அது அவ எல்லாரையும் அப்படித்தாங்க கூப்பிடுவா. மரியாத தெரிஞ்சவ."

"சரிபார்க்க மீண்டும் ஒருமுறை" என்று ஒலிக் காப்பாளர் மறுபடியும் ஓடவிட்டார். அங்கேதான் அவர் தவறு செய்தார்.

முதல் தடவை தாங்கியவர்களால் இரண்டாம் தடவை தாங்க முடியவில்லை. 'மானம் போகுது' என்ற இடத்தில், திரையின் கீழ்வரிசையில் 'மௌனரசிகன்' என்ற கட்டத்தில் தோள்கள் குலுங்குவது தெரிந்தது. உடனே அவர் கேமராவை அணைத்தார். அடுத்து 'கறைநீக்கி' அணைந்தார். பிறகு இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கட்டங்கள் கறுத்தன. கேமராவை அணைக்கத் தெரிந்தவர்கள் மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். கறுப்புக் கட்டங்களுக்குள்ளிருந்து விக்கலும் கேவலுமாகச் சத்தம் வந்தது. "ஐயோ, முடியலடா, மூக்கு... மூக்க வெச்சுட்டான்டா..." என்று அலறியது யாரென்று பார்த்தால் ஒலிக் காப்பாளர். காதுக் கருவி கழுத்தில் தொங்க, அவர் கட்டமும் கறுத்தது.

வெளிச்சம் மிஞ்சிய ஒரே கட்டத்தில் பெருங்காப்பாளர் இருந்தார். கன்னம் துடித்தது. மீசை துடித்தது. இரண்டு கைகளாலும் மேஜையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் கோத்தது. அந்த நேரத்தில் அவர் ஒரே ஒரு தடவை வாய்விட்டிருந்தால் அவரை நான் மன்னித்திருப்பேன். "கூட்டம்... ஒத்திவைக்கப்படுகிறது" என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு மறைந்தார்.

மறுநாள் தீர்மானம் வெளியிட்டார்கள். அந்த ஒலி தொற்றும் தன்மை உடையது என்று நிரூபணமாகிவிட்டதால் உடனடியாக நீக்கப்பட்டது. கேமராவை அணைத்த அனைவரும் விலக்கப்பட்டார்கள். ஆகவே தீர்மானத்தை முன்மொழிந்தவரும், வழிமொழிந்தவரும், ஏகமனதாக நிறைவேற்றியவரும் பெருங்காப்பாளர் ஒருவரே. மது அருந்தியவர் என்ற வரிக்கு வருத்தம் தெரிவிக்கப்படவில்லை. 'மது அருந்தாமலேயே இந்நிலை' என்று திருத்தப்பட்டது. மூலப்படி அழிக்கப்பட்டது. தூய்மையான படியை வெளியிட்டிருக்கிறார்கள். பார்த்தேன். சுவர் இல்லை, விரிசல் இல்லை, அண்ணன் இல்லை; விசாரணையில் பெயர் அடிபட்டதால் அவையும் கறையாகிவிட்டனவாம். கரடி சத்தமில்லாமல் ஒரு வீட்டை ஊதுகிறது. கண்ணாடித்தாளுக்குள் மூச்சுமுட்டும் இன்னொரு பொம்மை. பல்லியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முடிவில் நடிகர் வரிசையில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். பார்த்து முடித்ததும் போய் முகம் கழுவினேன்.

விருதை அனுப்பியிருந்தார்கள். தகட்டில் என் முகம். திருப்பி அனுப்பிவிட்டேன்.

என் மருமகளின் செல்போனில் பதிவானது பத்திரமாக இருக்கிறது. எனக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறாள். அதை எப்போது, எத்தனை முறை கேட்கிறேன் என்பது என் வீட்டு விஷயம்.

ஒன்றை மட்டும் வெளியே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பதிவில் வருகிற ஆண் சிரிப்பு என் மைத்துனனுடையது என்று பேரவையின் தீர்மானத்தில் பதிவாகி, அதற்காக அவனுக்கு ஆயுள்காலத் தடையும் விதித்திருக்கிறார்கள். அவனும் பெருமையாகப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். உறவுக்காரர்கள் நம்புகிறார்கள். அது தவறு. மைத்துனன் சாப்பாட்டு மேஜைக்கு அப்பால் புரொஜெக்டரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கேமரா எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவன் நான்.